ஏபிஜி ரிப்போர்ட்டுக்குப் பெயர் வைக்கத் தெரிகிறது, உள்ளே என்ன நடக்கிறது என்று புரியவில்லை

நர்சிங்_மூன்றாமாண்டு:

எல்லோருக்கும் வணக்கம். ஏபிஜி என்ற தமனி இரத்த வாயுச் சோதனையில் பிஎச் (அமில-கார நிலை) 7.35–7.45, சிஓ2 (கரியமில வாயு அழுத்தம்) 35–45, பைகார்ப் (அமிலத்தைச் சமன்செய்யும் பைகார்பனேட்) 22–26 எல்லாம் மனப்பாடம். மூச்சுக் கோளாறு என்றால் பிஎச்சும் சிஓ2-வும் எதிரெதிர்த் திசையில் போகும், வளர்சிதை மாற்றக் கோளாறு என்றால் பிஎச்சும் பைகார்ப்பும் ஒரே திசையில் போகும் என்ற விதியும் தெரியும். அதற்கு மேல்தான் இடிக்கிறது. இந்த இரண்டையும் பாருங்கள்.

அ) சர்க்கரை நோயாளி, கீட்டோஅசிடோசிஸ் (இன்சுலின் இல்லாமல் இரத்தத்தில் கீட்டோன் அமிலம் சேர்வது). பிஎச் 7.18, சிஓ2 22, பைகார்ப் 8. சோடியம் 132, குளோரைடு 96, பொட்டாசியம் 5.4.

ஆ) முந்தின நாள் இரவிலிருந்து காய்ச்சல், பிபி இறங்கியிருக்கிறது, செப்சிஸ் (தொற்று உடல் முழுவதையும் பாதிப்பது) சந்தேகம். பிஎச் 7.39, சிஓ2 22, பைகார்ப் 13. சோடியம் 138, குளோரைடு 103.

என் கேள்விகள்: 'ஆ'வில் பிஎச் நார்மல்தானே, அதை ஏன் "முழுமையாக ஈடுசெய்யப்பட்ட அசிடோசிஸ்" (அமிலம் மிகுந்த நிலை) என்று எழுதக் கூடாது? 'அ'வில் இரண்டு மணி நேரம் கழித்துப் பொட்டாசியம் 4.6 வந்ததும் டிரிப்பில் பொட்டாசியம் சேர்க்கச் சொல்கிறார்கள். 4.6-ம் நார்மல்தானே, ஏன்?

ஐசியூ_சிஸ்டர்:

இரண்டிலும் சிஓ2 22 என்று ஒரே எண் இருப்பது நல்ல வசதி. அதை வைத்தே பேசலாம்.

ஒரு எண் நார்மலா இல்லையா என்று கேட்பதை விட்டுவிடுங்கள். இந்த நோயாளிக்கு, இந்த நிலையில், அந்த எண் எவ்வளவு இருக்க வேண்டும் என்று கேளுங்கள். நார்மல் என்பது நோயில்லாதவருக்கான அளவு. பைகார்ப் 8-க்கு இறங்கிய ஒருவருக்கு சிஓ2 40 இருந்தால் அது ஆபத்தின் அறிகுறி.

வளர்சிதை மாற்ற அசிடோசிஸில் சிஓ2 எவ்வளவு இருக்க வேண்டும் என்பதற்கு விண்டர்ஸ் சூத்திரம் இருக்கிறது. பைகார்ப்பை 1.5-ஆல் பெருக்கி 8 கூட்டுங்கள். விடையிலிருந்து 2 கூடலாம், 2 குறையலாம்.

'அ'வில் 8 × 1.5 = 12, அதோடு 8 கூட்டினால் 20. ஆக 18 முதல் 22 வரை இருக்கலாம். 22 அந்த எல்லைக்குள் வருகிறது. நுரையீரல் தன் வேலையைச் சரியாகச் செய்கிறது. ஆழமாக, வேகமாக, நிற்காமல் இழுக்கும் குஸ்மால் மூச்சைப் படுக்கையருகே பார்ப்பீர்கள். இது வேறொரு கோளாறு இல்லை, ஈடுசெய்தல்தான், அதாவது பிஎச்சைக் காக்க உடலே செய்யும் சரிக்கட்டல். அதே சமயம் 22 மேல் எல்லையில் நிற்கிறது என்பதையும் கவனியுங்கள். அடுத்த ஏபிஜியில் பைகார்ப் அதே 8, ஆனால் சிஓ2 30 என்று வந்தால் நோயாளி களைத்துப்போகிறார், அல்லது மயக்க மருந்து மூச்சைக் குறைத்துவிட்டது என்று பொருள். 22 "ரொம்பக் குறைவு", 30 "நார்மலை நோக்கிப் போகிறது" என்று படித்தால் அந்த நேரத்தைத் தவறவிடுவோம். இப்படிப்பட்டவருக்கு டியூப் போட்டு வென்டிலேட்டரில் வழக்கமான 14, 16 ரேட் வைத்தாலும் இதே விபரீதம்தான். அவர் தானாக இழுத்துக்கொண்டிருந்த காற்றை மெஷின் தராவிட்டால் பிஎச் சில நிமிடங்களில் சரியும்.

'ஆ'வில் 13 × 1.5 = 19.5, கூட்டல் 8, ஏறத்தாழ 27 அல்லது 28. அதாவது 25.5 முதல் 29.5 வரை. இருப்பதோ 22. அசிடோசிஸை ஈடுசெய்யத் தேவையானதற்கு மேல் இவர் மூச்சு விடுகிறார். ஆகவே இரண்டு கோளாறுகள்: லாக்டிக் அமிலத்தால் வளர்சிதை மாற்ற அசிடோசிஸ், அதோடு செப்சிஸ் மூச்சு மையத்தைத் தூண்டுவதால் தனியாக ஒரு மூச்சு ஆல்கலோசிஸ் (மிகுதியான மூச்சால் சிஓ2 குறைந்து காரம் ஓங்குவது). இரண்டும் பிஎச்சை எதிரெதிர்ப் பக்கம் இழுப்பதால் 7.39 வந்து நிற்கிறது. ஆஸ்பிரின் அளவுக்கு மீறிப் போனவர்களிடமும் இதே கலவை வரும்.

ஈடுசெய்தல் பிஎச்சை நார்மலுக்கு அருகே கொண்டுவரும், எல்லையைத் தாண்டி எதிர்ப்பக்கம் கொண்டுபோகாது. பெரிய கோளாறு ஒன்று இருக்கும்போது பிஎச் சரியாக 7.40-ஐ ஒட்டி வந்தால் முதலில் இரண்டாவது கோளாறைத் தேடுங்கள். நாள்பட்ட மூச்சு ஆல்கலோசிஸ் மட்டும் விதிவிலக்கு, அதில் பிஎச் நார்மலுக்கே வந்துவிடலாம்.

சிஓ2 தான் முதல் கோளாறு என்றால் பைகார்ப்பை எதிர்பார்க்கும் கணக்கு வேறு. சிஓ2 40-க்கு மேல் ஒவ்வொரு 10-க்கும் பைகார்ப் திடீர் நிலையில் 1 ஏறும், நாள்பட்ட நிலையில் 3.5 முதல் 4 ஏறும். 40-க்குக் கீழ் ஒவ்வொரு 10-க்கும் திடீர் நிலையில் 2 இறங்கும், நாள்பட்டதில் 4 முதல் 5. நுரையீரல் சில நிமிடங்களிலேயே எதிர்வினை காட்டும். சிறுநீரகம் முழு வேகத்துக்கு வர 3 முதல் 5 நாள் ஆகும். வேறுபாட்டுக்கு அதுதான் காரணம்.

இதன் பயன் சிஓபிடி (நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோய்) நோயாளியிடம் தெரியும். சிஓ2 62, பைகார்ப் 32, பிஎச் 7.34 என்றால் நீண்ட நாளாக அப்படியே வாழ்கிறவர், சிறுநீரகம் பழகிவிட்டது. அதே 62-க்கு பைகார்ப் 26, பிஎச் 7.25 என்றால் இது புதிது, மூச்சு இப்போதுதான் கைவிடுகிறது. சிஓ2 எண் ஒன்றுதான், ஆனால் இரண்டாமவரிடம் நீங்கள் ஓட வேண்டும்.

இன்னொன்றையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் உயிர் போகும் இடம் இது. கடும் ஆஸ்துமாவில் நிமிடத்துக்கு 36 மூச்சு வாங்குகிறவருக்கு சிஓ2 35-க்குக் கீழே இருக்க வேண்டும். 42 என்று வந்தால் ரிப்போர்ட்டில் எந்தச் சிவப்புக் குறியும் இருக்காது. ஆனால் அவருக்கு 42 என்பது தசைகள் சோர்ந்துவிட்டன என்பதன் அடையாளம். வீசிங் சத்தம் குறைவதும், பேச்சு நிற்பதும், தூக்கம் சொக்குவதும் சேர்ந்து வந்தால் அடுத்த ஏபிஜிக்குக் காத்திருக்காமல் டாக்டரைக் கூப்பிடுங்கள்.

நர்சிங்_மூன்றாமாண்டு:

நன்றி அக்கா. 22 இரண்டு இடத்திலும் ஒன்றாக இருந்ததைக் கவனிக்கவே இல்லை. ஆனயான் கேப் எங்கே வருகிறது?

ஐசியூ_சிஸ்டர்:

வளர்சிதை மாற்ற அசிடோசிஸ் என்று தெரிந்த பிறகு, "அமிலம் சேர்ந்ததா, பைகார்ப் வெளியே போனதா" என்று பிரிக்க. சோடியத்திலிருந்து குளோரைடையும் பைகார்ப்பையும் கழியுங்கள், மிஞ்சுவதுதான் கேப். நார்மல் 8–12. உங்கள் 'அ'வில் 132 − (96 + 8) = 28, கீட்டோன். 'ஆ'வில் 138 − (103 + 13) = 22, லாக்டேட். வயிற்றுப்போக்கில் பைகார்ப் குடல் வழியே போய், அந்த இடத்தைக் குளோரைடு நிரப்பும், அதனால் கேப் நார்மலாகவே இருக்கும். ஆல்புமின் (இரத்தப் புரதம்) குறைந்த நோயாளியிடம் கேப் பொய்யாகக் குறையும். ஆல்புமின் 4-க்குக் கீழே ஒவ்வொரு 1 கிராமுக்கும் 2.5 கூட்டிக்கொள்ளுங்கள். ஐசியூவில் ஆல்புமின் 2 இருக்கும் ஒருவருக்குக் கேப் 12 என்றால் உண்மையில் அது 17.

லேப்_நண்பர்:

கணக்கெல்லாம் சரி. சாம்பிள் கெட்டிருந்தால் அத்தனையும் வீண். அதனால் இதைச் சேர்க்கிறேன்.

காற்றுக் குமிழி: அறைக் காற்றில் ஆக்சிஜன் அழுத்தம் (பிஓ2) 150-க்கு அருகே, சிஓ2 கிட்டத்தட்ட பூஜ்யம். குமிழி சாம்பிளோடு கலந்தால் சிஓ2 குறையும், பிஎச் ஏறும், பிஓ2 150-ஐ நோக்கி நகரும். பிஓ2 60 இருந்தவருக்கு 80 என்று வந்தால் எல்லோரும் நிம்மதி அடைவார்கள், அதுதான் கொடுமை. எடுத்தவுடன் சிரிஞ்சை நிமிர்த்திக் குமிழியை வெளியேற்றி மூடிபோட வேண்டும். அதன் பிறகே உள்ளங்கைகளுக்கு இடையில் உருட்டிக் கலக்க வேண்டும், குலுக்கக் கூடாது. குமிழியோடு நியூமேட்டிக் டியூபில் (காற்றழுத்தத்தால் சாம்பிளைத் தள்ளும் குழாய்) அனுப்பினால் பிழை இன்னும் பெரிதாகும்.

தாமதம்: இரத்த அணுக்கள் சிரிஞ்சுக்குள்ளும் உயிரோடுதான் இருக்கின்றன. ஆக்சிஜனைத் தின்று சிஓ2-வும் அமிலமும் உண்டாக்கும். பிளாஸ்டிக் சிரிஞ்சில் சாதாரண அறை வெப்பத்தில் 30 நிமிடத்துக்குள் மெஷினில் போட்டுவிடுங்கள். வெள்ளணு எக்கச்சக்கமாக உள்ள லுக்கேமியா நோயாளிக்கு அந்த 30 நிமிடமும் அதிகம், உடனே போட வேண்டும்.

ஹெப்பரின்: உலர்ந்த ஹெப்பரின் (இரத்தம் உறையாமல் தடுக்கும் மருந்து) பூசிய சிரிஞ்ச் இருந்தால் அதுவே நல்லது. திரவ ஹெப்பரின் உறிஞ்சிப் பயன்படுத்தினால் முழுவதும் வெளியே தள்ளிவிடுங்கள். மிச்சம் நின்றால் இரத்தம் நீர்த்துப்போய் சிஓ2, பைகார்ப், அயனிக் கால்சியம் எல்லாம் குறைந்து காட்டும். அதைப் பார்த்துவிட்டு இல்லாத அசிடோசிஸுக்கு யாராவது சிகிச்சை தொடங்குவார்கள்.

சிரை இரத்தம்: பிஓ2 40, சாச்சுரேஷன் 75 சதவீதம் வாக்கில் வந்து, விரலில் மாட்டிய பல்ஸ் ஆக்சிமீட்டர் 96 காட்டினால், தமனிக்குப் பதில் சிரையில் குத்தியிருக்கிறார்கள் என்று சந்தேகப்படுங்கள்.

மணிக்கட்டில் ரேடியல் தமனியில் குத்தும் முன் மாற்றியமைக்கப்பட்ட ஆலன் சோதனை செய்யுங்கள். இரண்டு தமனிகளையும் அழுத்தி, நோயாளியைக் கையை மூடித் திறக்கச் சொல்லி, உள்ளங்கை வெளிறியதும் சுண்டுவிரல் பக்கத்துத் தமனியை மட்டும் விடுங்கள். 5 முதல் 15 விநாடிக்குள் நிறம் திரும்ப வேண்டும். எடுத்த பிறகு குறைந்தது 5 நிமிடம் நீங்களே அழுத்திப் பிடியுங்கள். இரத்தம் உறையாமலிருக்க மருந்து எடுப்பவருக்கு அதற்கு மேலும். நோயாளியிடம் "பிடிச்சுக்கோங்க" என்று விட்டுவிட்டுப் போகக் கூடாது.

ரிக்விசிஷனில் (சோதனைக் கோரிக்கைப் படிவம்) எத்தனை சதவீத ஆக்சிஜன், உடல் வெப்பம், எடுத்த நேரம் மூன்றும் இருக்க வேண்டும். ஆக்சிஜனையோ வென்டிலேட்டரையோ மாற்றிய உடனே எடுக்காதீர்கள், 20 முதல் 30 நிமிடம் விடுங்கள். பிஓ2 90 என்பது அறைக் காற்றில் நல்ல எண், 60 சதவீத ஆக்சிஜனில் மோசமான எண்.

வார்டு_இன்சார்ஜ்:

பொட்டாசியம் கேள்விக்கு வருகிறேன். உடலின் பொட்டாசியத்தில் 98 சதவீதம் செல்லுக்குள் இருக்கிறது. நாம் அளப்பது வெளியே மிதக்கும் மீதி 2 சதவீதத்தை. அதனால் இரத்த அளவு, கையிருப்பைச் சொல்லாது, அந்த நேரத்தில் வாசலில் எவ்வளவு நிற்கிறது என்பதைத்தான் சொல்லும்.

கீட்டோஅசிடோசிஸில் இன்சுலின் இல்லை, சர்க்கரை ஏறி இரத்தம் அடர்த்தியாகி செல்லிலிருந்து தண்ணீரை இழுக்கிறது, கூடவே பொட்டாசியமும் வெளியே வருகிறது. வந்தது சிறுநீரோடு போய்க்கொண்டே இருக்கிறது. இரத்தத்தில் 5.4, ஆனால் உடலில் கிலோவுக்கு 3 முதல் 5 எம்ஈக்யூ (மில்லி ஈக்விவலன்ட், உப்புகளை அளக்கும் அலகு) வரை பற்றாக்குறை. 60 கிலோ ஆளுக்கு 180 முதல் 300. இன்சுலின் ஏறத் தொடங்கியதும் வெளியே நிற்பதெல்லாம் செல்லுக்குள் போகும். 5.4 இரண்டு மணியில் 4.6 ஆனது அதனால்தான். சேர்க்காவிட்டால் இன்னும் சில மணியில் 3-க்குக் கீழே போய் இதயத் துடிப்பு தாறுமாறாகும். 4.6-லேயே லிட்டருக்கு 20–30 எம்ஈக்யூ சேர்ப்பது அந்தச் சரிவுக்கு முந்திக்கொள்ளத்தான். 5.4 இருந்தபோது சேர்க்காமல் 2 மணிக்கொரு முறை பார்த்ததும் சரியே. நேர்மாறாக, வரும்போதே பொட்டாசியம் குறைந்திருந்தால் (பழைய வழிகாட்டுதல்களில் 3.3, புதியவற்றில் 3.5-க்குக் கீழ்) இன்சுலினை நிறுத்திவைத்து முதலில் பொட்டாசியம் ஏற்றுவார்கள். அந்த ஆர்டரைப் பார்த்து "மறந்துவிட்டார்கள்" என்று இன்சுலினைத் தொடங்கிவிடாதீர்கள்.

இனி கையால் செய்யும் வேலை. பொட்டாசியம் குளோரைடை ஒருபோதும் நேராக ஊசியால் தள்ளக் கூடாது, இதயம் நின்றுவிடும். இதற்கு விலக்கே கிடையாது. 10 மில்லியில் 20 எம்ஈக்யூ உள்ள ஆம்பூல்கள் பரவலாக உண்டு, வேறு செறிவும் உண்டு, லேபிளைப் படித்து இன்னொருவரையும் படிக்கச் சொல்லுங்கள். தொங்கிக்கொண்டிருக்கும் பாட்டிலில் சேர்க்காதீர்கள். பொட்டாசியக் கரைசல் கனமானது, அடியில் போய்த் தங்கும். டிரிப் அடியிலிருந்துதான் இறங்குகிறது, ஆக முதல் சில நிமிடத்திலேயே செறிவான மருந்து உள்ளே போய்விடும். பையை இறக்கி, மருந்தைச் சேர்த்து, பல முறை தலைகீழாகப் புரட்டிக் கலக்கி, லேபிள் ஒட்டிப் பிறகு மாட்டுங்கள். கைச் சிரையில் பொதுவாக லிட்டருக்கு 40 எம்ஈக்யூவுக்குள், மணிக்கு 10 எம்ஈக்யூவுக்குள். மணிக்கு 20 வரை போவதானால் சென்ட்ரல் லைனும் இதய மானிட்டரும் வேண்டும். உங்கள் மருத்துவமனை விதி இதைவிடக் கடுமையாக இருந்தால் அதுவே விதி. எரிகிறது என்று நோயாளி சொன்னால் வேகத்தைக் குறைத்துச் சிரையைப் பாருங்கள். தொடங்கும் முன் சிறுநீர் மணிக்குக் கிலோவுக்கு 0.5 மில்லியாவது வருகிறதா என்றும் பாருங்கள்.

எவ்வளவு ஏற்றியும் ஏறவில்லையா? மெக்னீசியம் பார்க்கச் சொல்லுங்கள். அது குறைந்திருந்தால் சிறுநீரகம் பொட்டாசியத்தைப் பிடித்து வைக்காது.

எதிர்ப்பக்கம், பொட்டாசியம் 6.8 என்று போன் வந்தால் முதலில் ஈசிஜி. கூர்மையாக எழும் டி அலை, பிறகு பி அலை தட்டையாதல், பிறகு க்யூஆர்எஸ் அகலமாதல். சிறுநீரகம் நன்றாக இருந்து ஈசிஜியும் சுத்தமாக இருந்தால், டூர்னிகே (கையில் இறுக்கும் பட்டை) ரொம்ப நேரம் கட்டியிருந்தார்களா, அணு உடைந்த சாம்பிளா என்று கேட்டு மறுபடி எடுங்கள். உண்மையான உயர்வில் 10 சதவீத கால்சியம் குளுக்கோனேட் 10 மில்லி மெதுவாகக் கொடுப்பார்கள். அது பொட்டாசியத்தை ஒரு புள்ளிகூடக் குறைக்காது, இதயத்தைக் காப்பாற்றி நேரம் வாங்கித் தரும், அவ்வளவுதான். செல்லுக்குள் தள்ளுவது ரெகுலர் இன்சுலின் 10 யூனிட்டும் 25 கிராம் டெக்ஸ்ட்ரோஸும். சர்க்கரை உடனே இறங்காது, ஒன்றிரண்டு மணி கழித்துச் சத்தமில்லாமல் இறங்கும், எனவே 6 மணி நேரம் வரை மணிக்கொரு முறை பாருங்கள். கால்சியம் போன லைனில் கழுவாமல் பைகார்பனேட் விட்டால் குழாயிலேயே வெள்ளையாகப் படியும்.

நர்சிங்_மூன்றாமாண்டு:

டிரிப் வகைகளும் இதே மாதிரி குழப்புகின்றன. நார்மல் சலைன் (உப்புக் கரைசல்), ஆர்எல் (ரிங்கர் லாக்டேட்), 5 சதவீத டெக்ஸ்ட்ரோஸ் (சர்க்கரைக் கரைசல்), மூன்றும் ஒரு லிட்டர்தானே?

ஐசியூ_சிஸ்டர்:

பாட்டிலில் ஒரு லிட்டர், நோயாளிக்குள் போன பிறகு ஒன்றல்ல. உடல் நீரில் மூன்றில் இரண்டு பங்கு செல்லுக்குள், ஒரு பங்கு வெளியே. வெளியே இருப்பதில் ஏறத்தாழ நாலில் ஒரு பங்குதான் இரத்தக் குழாயில். சலைனில் உள்ள சோடியம் செல்லுக்குள் நுழைவதில்லை, எனவே ஒரு லிட்டரில் 250 மில்லி குழாயில் தங்கும். டெக்ஸ்ட்ரோஸில் சர்க்கரை எரிந்து வெறும் தண்ணீர் மிஞ்சும், அது எல்லா இடமும் பரவி 80 மில்லி அளவே குழாயில் நிற்கும். பிபி இறங்கியவருக்கு டெக்ஸ்ட்ரோஸ் ஏன் உதவாது என்பதும், மூளை வீக்கம் உள்ளவருக்கு அது ஏன் கெடுதி என்பதும் இந்த ஒரே கணக்கில் இருக்கிறது.

சலைனில் சோடியம் 154, குளோரைடும் 154. இரத்தத்தில் குளோரைடு 100 சொச்சம். லிட்டர் கணக்கில் ஏற்றினால் குளோரைடு ஏறி, பைகார்ப் இறங்கி, கேப் நார்மலான அசிடோசிஸ் வரும். கீட்டோஅசிடோசிஸ் நோயாளிக்குக் கேப் மூடிய பிறகும் பைகார்ப் 17, 18-லேயே நிற்பதற்கு இது ஒரு காரணம். ஆர்எல்லில் சோடியம் 130, குளோரைடு 109, பொட்டாசியம் 4, லாக்டேட் 28, கொஞ்சம் கால்சியம். அந்தக் கால்சியத்தால் இரத்தம் ஏற்றும் அதே லைனில் விடுவதில்லை, செஃப்ட்ரியாக்சோன் என்ற ஆன்டிபயாடிக்கோடும் கலப்பதில்லை.

சோடியம் பற்றி ஒன்று மட்டும். நாள்பட்டுக் குறைந்த சோடியத்தை 24 மணியில் 8, மிஞ்சினால் 10 எம்ஈக்யூவுக்கு மேல் ஏற்றினால் மூளைத் தண்டு நரம்புறை சிதையலாம். வலிப்பு வந்தவருக்கு 3 சதவீத சலைன் 100–150 மில்லி உடனே கொடுப்பதும் இந்த வரம்புக்குள் அடங்கியதே. 4 முதல் 6 ஏறினாலே வலிப்பு நிற்கப் போதும். நீங்கள் பார்க்க வேண்டியது சிறுநீர்ப் பை. சோடியம் குறைந்தவருக்குத் திடீரென்று தண்ணீர் நிறத்தில் மணிக்கு 200, 300 மில்லி போகத் தொடங்கினால், டிரிப்பே இல்லாமல் சோடியம் பாயும். உடனே சொல்லுங்கள்.

நர்சிங்_மூன்றாமாண்டு:

ஒன்று முயன்று பார்க்கிறேன். நாலு நாளாக வாந்தி: பிஎச் 7.52, சிஓ2 48, பைகார்ப் 38, பொட்டாசியம் 2.8, குளோரைடு 86. வளர்சிதை மாற்ற ஆல்கலோசிஸ். சிஓ2 48 ஈடுசெய்தலா, தனிக் கோளாறா? டிரிப் ஆர்எல்லா?

வார்டு_இன்சார்ஜ்:

பெயர் சரி. ஆல்கலோசிஸில் பைகார்ப் 24-க்கு மேல் ஒவ்வொரு 1-க்கும் சிஓ2 0.7 ஏறும். 14 × 0.7 ஏறக்குறைய 10, ஆக எதிர்பார்ப்பது 50. 48 ஈடுசெய்தல்தான். மூச்சு மெதுவாக இருக்கிறதே என்று பயந்து தூண்ட வேண்டாம்.

டிரிப் ஆர்எல் இல்லை, நார்மல் சலைன். இவர் இழந்தது குளோரைடு. அது இல்லாமல் சிறுநீரகத்தால் பைகார்ப்பை வெளியேற்ற முடியாது. சலைனில் அது 154 இருக்கிறது, மற்றவருக்குக் கெடுதியான அதே அளவு இவருக்கு மருந்து. ஆர்எல்லின் லாக்டேட் கல்லீரலில் பைகார்ப்பாக மாறும், அது இவரிடம் ஏற்கெனவே மிகுதி. கூடவே பொட்டாசியம் குளோரைடு, மேலே சொன்ன வேக வரம்போடு. இதய மருந்தான டிகாக்சின் எடுக்கிறவரா என்று கேளுங்கள், 2.8-ல் அதன் நச்சு சுலபமாகத் தலைகாட்டும். மூக்குக் குழாய் போட்டிருந்தால் ஒவ்வொரு ஷிப்டிலும் வரும் வயிற்று நீரை அளந்து தனிப் பத்தியில் எழுதுங்கள், அடுத்த டிரிப்பின் அளவை டாக்டர் அதைப் பார்த்துத்தான் போடுவார். தினமும் ஒரே நேரத்தில், ஒரே தராசில் எடை பாருங்கள். ஒரே நாளில் ஒரு கிலோ மாறினால் அது ஒரு லிட்டர் தண்ணீர். உள்-வெளிக் கணக்கில் விட்டுப்போனதை அந்த எடைதான் காட்டிக்கொடுக்கும்.